துளசி மாடத்தைத் தள்ளி வைங்க!

2023 நவம்பரில் ஒருநாள் என் அக்கா சிட்னியிலிருந்து போன் செய்தாள். "வீடு வாங்கிட்டோம்டா. பின்னாடி ஸ்விம்மிங் பூல் இருக்கு!"

எனக்கு உடனே பழைய சினிமா வில்லன்தான் ஞாபகத்துக்கு வந்தார். டவல் கவுன், கூலிங் கிளாஸ், கையில் ஜூஸ், பக்கத்தில் நாலு அடியாள். அந்த இடத்தில் அத்தானை நிறுத்திப் பார்த்தேன். டூங்காபி என்கிற புறநகரில், முப்பது வருஷக் கடன் போட்டு வாங்கிய பழைய வீடு. கவுன் பொருந்தவில்லை. லுங்கிதான் பொருந்தியது.

டிசம்பரில் மனைவிக்கு லீவு கிடைத்தது. (எனக்கு லீவு தர ஆபீஸே கிடையாது.) மூன்று வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அங்கே அப்போது நல்ல கோடை. போய் இறங்கினதும் கொல்லைப்பக்கம் ஓடினேன்.

குளம் இருந்தது. ஆனால் கூண்டுக்குள் இருந்தது! சுற்றிலும் கம்பி வேலி, ஒரு சின்ன கேட். வண்டலூரில் புலிக்குச் செய்கிற மரியாதை.

"என்ன அத்தான், தண்ணி தப்பிச்சு ஓடிடுமா?"

"சிரிக்காதே மாப்ளே. நாளைக்குக் கவுன்சில்லேர்ந்து ஆள் வர்றான். அவன் பாஸ் போடணும். இல்லேன்னா நான் பெயில்."

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சிட்னி இருப்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில். அங்கே நீச்சல் குளத்துக்கென்றே 1992-ல் ஒரு தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். புதுசாகக் குளம் தோண்ட அனுமதி வாங்க வேண்டும். குளத்தை அரசாங்கப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2013-லிருந்து இது கட்டாயம். 2016 ஏப்ரலுக்குப் பிறகு, குளம் உள்ள வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் வேலி சரியாக இருக்கிறது என்ற சான்றிதழ் வேண்டும். மூன்று வருஷம்தான் செல்லும். விற்கிறவர் 'சரியில்லை' என்ற சான்றிதழோடும் விற்கலாம். அப்படி விற்றால் வாங்கினவர் 90 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். அக்கா வாங்கினது அந்த ரகம். விலை கொஞ்சம் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று அத்தான் பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். அரை டிரவுசர், தொப்பி, கையில் டேப். பழைய பழக்கதோஷத்தில் நான் அத்தான் காதோரம், "ஏதாவது கவனிக்கணுமா?" என்று விரலைத் தேய்த்துக் காட்டினேன். "கையை இறக்கு முதல்ல" என்றார்.

அந்த மனிதர் குளத்துத் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எவ்வளவு ஆழம், யாருக்கு நீச்சல் தெரியும், ஒரு கேள்வியும் இல்லை. நேராகக் கேட்டுக்குப் போனார். ஒரு ஜாண் திறந்து கையை விட்டார். கேட் தானே போய் மூடிக்கொண்டது. பாதி திறந்து விட்டார். மூடிக்கொண்டது. முழுக்கத் திறந்து விட்டார். மூடியது, ஆனால் கொக்கி விழவில்லை. நோட்டில் ஒரு பெருக்கல் குறி.

அடுத்து டேப் வேலை. வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது; அடியில் தரைக்கும் வேலிக்கும் அதே கணக்கு. கொக்கியைத் திறக்கிற பிடி 1.5 மீட்டர் உயரத்தில். கேட் வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். அதாவது, குட்டிப்பயல் ஒருத்தன் கேட் மேல் சாய்ந்து தள்ளினால் அது இன்னும் இறுக மூடிக்கொள்ளும். யோசித்தவன் வீட்டில் என் பையன் மாதிரி ஒன்று இருந்திருக்க வேண்டும்!

எல்லாம் முடிந்து கிளம்பப் போனவர், வேலிக்கு வெளியே நின்றிருந்த துளசி மாடத்தைப் பார்த்தார். குடிவந்த மறுவாரமே அக்கா ஆசையாக வைத்தது.

"இதை நகர்த்துங்க."

"இது துளசி. சாமி. கிழக்குப் பார்த்து வெச்சிருக்கேன்" என்று அக்கா இங்கிலீஷில் பாடம் எடுத்தாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"செடி ரொம்ப அழகு. ஆனா உங்க வீட்டுப் பொடியனுக்கு இது ஏணி" என்றார்.

வேலியிலிருந்து 90 சென்டிமீட்டருக்குள் ஏறி நிற்கிற மாதிரி எதுவும் இருக்கக்கூடாதாம். தொட்டி, நாற்காலி, பழைய டயர், சைக்கிள் எதுவுமே. குளத்துப் பக்கத்தில் மாட்டுகிற பலகையிலேயே இது இருக்க வேண்டும்: சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள், கேட்டை மூடியே வையுங்கள், வேலிக்குப் பக்கத்தில் 90 சென்டிமீட்டருக்கு எதையும் வைக்காதீர்கள். கூடவே, மூழ்கினவருக்கு முதலுதவி செய்கிற விதம் படத்தோடு. அக்கா வீட்டுப் பலகை வெயிலில் வெளுத்துப்போய், படத்தில் இருந்த மனிதர் ஆவி மாதிரி தெரிந்தார். அதற்கும் ஒரு பெருக்கல் குறி.

ஆகமொத்தம் பெயில். மாடம் இடம் மாறியது. அக்கா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இதற்கு நடுவில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பெரிய குளத்தில்தானே இத்தனை தொல்லை, பையனுக்குக் காற்று ஊதுகிற பிளாஸ்டிக் தொட்டி வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனேன். அத்தான் அட்டைப்பெட்டியைத் திருப்பி ஆழத்தைப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய எதுவும் அந்தச் சட்டப்படி நீச்சல் குளம்தான்! தண்ணீர் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கும் இதே வேலி, இதே கேட். முப்பது சென்டிமீட்டர் என்றால் நம்ம ஸ்கூல் ஸ்கேல். மீறினால் கையோடு 550 டாலர் தண்டம், கோர்ட்டுக்குப் போனால் 5,500 டாலர் வரைக்கும். நம்மூர்க் காசில் மூன்று லட்சம். தொட்டி விலை ஆயிரம் ரூபாய்.

"இதெல்லாம் கொஞ்சம் ஓவர் அத்தான். நம்ம ஊர்ல கிணத்தடியில வளரலையா? பெத்தவங்க பார்த்துக்க மாட்டாங்களா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

பதில் டிசம்பர் 31-ம் தேதி சாயங்காலம் கிடைத்தது.

புது வருஷ விருந்துக்கு இருபது பேர். குளத்தங்கரையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் புல்தரைக்குக் கொண்டுவருகிற வேலை என் தலையில். இரண்டு கையிலும் நாற்காலியோடு வந்தால், அந்த கேட் ஒவ்வொரு தடவையும் முதுகில் மொத்தென்று அடிக்கும். மூன்றாவது அடி வாங்கினதும் ஒரு செங்கல்லை எடுத்து முட்டுக்கொடுத்தேன். நாற்காலிகள் வந்தன. செங்கல்லை மறந்தேன்.

அப்புறம் பிரியாணி. பேச்சு. மெல்போர்ன் டெஸ்ட்டைப் பற்றி அத்தானின் சிநேகிதரோடு நான் பெரிய விவாதம். பையன் அம்மாவிடம் இருக்கிறான் என்று நான். அப்பாவிடம் இருக்கிறான் என்று அவள்.

திடீரென்று அக்கா மகள், பன்னிரண்டு வயசுப் பெண், நாற்காலி சரிய எழுந்து ஓடினாள். திரும்பினேன்.

வேலிக்கு உள்ளே, குளத்தின் முதல் படியில், பையன் உட்கார்ந்திருந்தான். முழங்கால் வரை தண்ணீர். கையில் பொம்மை லாரி. அடுத்த படியில் அதை ஓட்டிப் பார்க்கக் குனிந்துகொண்டிருந்தான். சத்தமே இல்லை. எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் முப்பது அடி இருக்கும்.

அவள் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து செங்கல்லைக் காலால் தள்ளினாள். கேட் தானே வந்து மூடி, 'க்ளிக்' என்றது.

"மாமா, கேட்டுக்கு முட்டுக் குடுக்கக் கூடாது. எங்களுக்கு ஸ்கூல்லயே சொல்லியிருக்காங்க."

அவ்வளவுதான் நடந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மனைவி என்னோடு பேசவில்லை. ஊர் முழுக்க வாணவேடிக்கை. நான் போய் அந்தக் கேட்டைத் திறந்து திறந்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரில் விழுகிற குழந்தை சினிமாவில் வருகிற மாதிரி "காப்பாத்துங்க" என்று கத்தாது. வாய் தண்ணீருக்கு மேலே வந்தால்தானே கத்த? சத்தமில்லாமல், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகமெங்கும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகள்.

பி.காம். படிக்கும்போது ஆடிட்டிங் பேப்பரில் 'இன்டர்னல் செக்' என்று ஒரு பாடம். பணம் வாங்குகிறவர் வேறு, கணக்கு எழுதுகிறவர் வேறு. கேஷியர் ரொம்ப நல்லவராச்சே, எதற்கு இது என்று நான் கேட்டேன். "அவர் நல்லவர்ங்கிறதை நம்பி சிஸ்டம் வைக்கக் கூடாதுடா" என்றார் புரொபசர். மார்க்குக்காக உருப்போட்டேன். அந்தச் சட்டமும் பெற்றவர்களை நம்பவில்லை. அப்பன்காரன் இரண்டு நிமிஷம் கிரிக்கெட் பேசுவான் என்று முதலிலேயே கணக்குப்போட்டு, அந்த இரண்டு நிமிஷத்துக்காக ஒரு கேட்டை வைக்கிறது. அதற்கும் நான் செங்கல் வைத்தேன்.

ஊர் திரும்பினதும் கண்ணில் பட்டதெல்லாம் தண்ணீர்தான். நண்பர்கள் கும்பலாகக் காசு போட்டு ஈ.சி.ஆரில் ஒரு பங்களா எடுத்தோம். ஹாலின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேரே குளம். நடுவில் ஒன்றும் இல்லை. நாலடியா ஆறடியா என்று ஒரு எண்கூட எழுதவில்லை. கேட்டால் வாட்ச்மேன், "நைட்டு லைட் போட்டா சூப்பரா இருக்கும் சார்" என்றார். இரண்டு குடும்பம் குழந்தைகளோடு வந்திருந்தது. நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். கும்பலில் எனக்கு அன்றைக்குப் பெயர் 'செக்யூரிட்டி'.

அதைவிட, நாங்கள் குடியிருக்கும் வீட்டு சம்ப். ஆறடி ஆழம். பைக் நிறுத்துகிற இடத்திலேயே வாய். கான்கிரீட் மூடி உடைந்து, பல வருஷமாக மேலே ஒரு பிளைவுட் பலகை. அதன் மேல்தான் என் பையன் தினமும் குதிப்பான். இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் நானும் பைக்கை எடுத்திருக்கிறேன். மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்று 2003-லிருந்து கேட்கிறார்கள். இந்த மூடியைப் பற்றி எங்கள் வீட்டுக்கு வந்து யாரும் கேட்டதில்லை.

ஹவுஸ் ஓனரிடம் போனேன்.

"இருபது வருஷமா இப்படித்தான் சார் இருக்கு. ஒண்ணும் ஆகலையே?"

வெல்டரைக் கூப்பிட்டு, கீல் வைத்த இரும்பு மூடி போட்டேன். பூட்டும் போட்டேன். 3,800 ரூபாய் ஆனது. சாவி எங்கள் வாசலில், ஐந்தடி உயரத்தில் ஆணியில் தொங்குகிறது. கீழே இருந்த ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

இப்போது தண்ணி லாரி வருகிற நாளெல்லாம் காலை ஐந்தரைக்கு ஹாரன். "சார், சாவீ...!" லுங்கியைக் கட்டிக்கொண்டு இறங்கி, அவர் ஹோஸைச் சுருட்டுகிற வரைக்கும் சம்ப் பக்கத்திலேயே நிற்கிறேன். "நீங்க போய்ப் படுங்க சார், நான் மூடிக்கிறேன்" என்கிறார் டிரைவர். நல்ல மனுஷன்தான்.

3,800 ரூபாயை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று ஓனரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.