துண்டுச் சீட்டும் சுண்டு அரிசியும்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களில் அடைமழை நாளில் பால்வெட்டு நடைபெறுவதில்லை. அப்படிப்பட்ட நாள்கள் தொடரும்போது, அடுத்த காம்பராவிலிருந்து ஒரு சுண்டு அரிசி கைமாற்றாக வந்து அடுப்பு எரிகின்றது. அதே லயத்தில் பிறந்து கொழும்பில் உழைக்கும் பிள்ளையோ, "நான் எவர் தயவிலும் வாழவில்லை" என்று பெருமைப்படுகின்றான். இவ்விருவரில் விடுதலை பெற்றவர் யார்?

அவசரப்பட்டு அப்பிள்ளையைக் குறை கூறாதிருப்போம். பிறரைச் சார்ந்திருப்பதன் கசப்பை நம் முன்னோர் நன்கறிந்தவர்கள். தமிழகத்திலிருந்து கங்காணியின் முன்பணத்தோடு வந்தவர்கள் கடனாளிகளாகவே தோட்டத்தில் காலடி வைத்தனர். அவர்களது கடன் 'துண்டு' எனப்பட்ட ஒரு சீட்டில் எழுதப்பட்டது. அத்தொகையைச் செலுத்த முன்வந்த தோட்டத்திற்கு அவர்கள் மாற்றப்பட்டனர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஆயினும் 1948இல் இயற்றப்பட்ட சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. எனவே விடுதலைத் தாகம் நியாயமானது; எகிப்தின் அடிமைகளுடைய கூக்குரலைக் கேட்ட இறைவன் அதை நன்கறிவார்.

ஆனால் எவரும் தேவையில்லை என்ற நிலையா விடுதலை? நம் ஆண்டவரைப் பாருங்கள். சமாரியப் பெண்ணிடம் அவர் தண்ணீர் கேட்டார். பிறருடைய கழுதையில் ஏறி எருசலேமுக்குள் நுழைந்தார். சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில், வயலிலிருந்து வந்த சீமோனின் தோள் அவரது சுமையைத் தாங்கியது. விடுதலை தர வந்தவர் பிறரைச் சார்ந்திருக்க வெட்கப்படவில்லை. புனித பவுலும் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில், விடுதலைக்கென அழைக்கப்பட்டவர்கள் அன்பினால் ஒருவருக்கொருவர் பணிபுரிய வேண்டும் எனக் கற்பிக்கின்றார்.

துண்டும் ஒரு கடன். சுண்டு அரிசியும் ஒரு கடன். முன்னது மனிதனைத் தொகையாக எண்ணியது. பின்னது அவனை அயலானாக எண்ணுகின்றது. இன்று கொடுப்பவர் நாளை பெறுகின்றார்; இருவரும் தலைநிமிர்ந்தே நிற்கின்றனர்.

அன்பானவர்களே, நம் உள்ளத்தைச் சோதித்தறிவோம். செய்த உதவியைச் சொல்லிக்காட்டும்போது நாமும் ஒரு துண்டை எழுதுகின்றோம் அல்லவா? அனுப்பும் பணத்திற்குப் பெற்றோரிடம் கணக்குக் கேட்கும்போது அவர்களைக் கடனாளிகளாக்குகின்றோம் அல்லவா? மறுபுறம், நோயுற்றும் உதவி கேட்கக் கூசுகின்ற முதியவர்கள் உண்டு. கொடுப்பதற்கு அன்பு வேண்டும். பெறுவதற்கோ அன்போடு தாழ்ச்சியும் வேண்டும்.

இந்த வாரம் கணக்கு எழுதாமல் ஒருவருக்குக் கொடுப்போம். வெட்கப்படாமல் ஒருவரிடம் கேட்போம். சிலுவையைச் சுமக்க ஒரு தோளை ஏற்றுக்கொண்ட ஆண்டவர், ஒருவரையொருவர் தாங்கும் விடுதலையை நம் இல்லங்களுக்கு அருள்வாராக!