பவுசர் போன மறுவாரமே நிரம்பும் குழி

ஒருகொடவத்தையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் பல வீடுகளில் கொமட் தண்ணீர் இறங்காது. குளியலறைத் துவாரத்தால் குமிழி குமிழியாக நாற்றம் வரும். கலி பவுசர் வந்து உறிஞ்சிவிட்டுப் போகும். அடுத்த வாரம் குழி மறுபடி நிறைந்திருக்கும். குழி போதாது, இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். இந்தப் பகுதியில் அதைவிடத் தவறான ஆலோசனை இருக்க முடியாது.

கொமட்டிலிருந்து மலசலத் தொட்டிக்குள் போனதெல்லாம் அங்கேயே மக்கித் தீர்ந்துவிடுவதில்லை. கனமானது அடியில் சேறாகப் படிகிறது. கொழுப்பு மேலே ஆடை கட்டுகிறது. இடையிலுள்ள தண்ணீர் ‘டீ’ பைப் வழியாக உறிஞ்சு குழிக்குப் போகிறது. அதன்பிறகு வேலை முழுவதும் மண்ணுடையது. மண்துளைகளில் காற்று இருந்தால்தான் அங்குள்ள நுண்ணுயிர்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்யும்.

ஒருகொடவத்தை மண்ணில் அந்தக் காற்றுக்கு இடமில்லை. களனி கங்கைக்குத் தெற்கே, சதுப்பும் கால்வாயுமாக இருந்த தாழ்நிலத்தை நிரவி எழுந்த குடியிருப்புகள் இவை. 2016 மே மாதத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் வெள்ளத்தில் கிடந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி மறுபடி கரை மீறியது. வெள்ளம் இல்லாத மழைநாளிலும் நிலத்தடி நீர் உறிஞ்சு குழியின் வாய்வரை ஏறிவிடுகிறது. அப்போது குழியிலிருந்து தண்ணீர் மண்ணுக்குப் போவதில்லை, மண்ணிலிருந்து குழிக்குள் வருகிறது. காசு கொடுத்து நாம் பவுசரில் ஏற்றுவது பெரும்பாலும் அந்த நீரைத்தான்.

பழைய வீடுகள் சிலவற்றில் தொட்டியே கிடையாது. அடித்தளம் போடாமல், இடைவெளி விட்டு அடுக்கிய கற்களுக்குள் மலம் நேரே நிலத்தடி நீரில் கலக்கிறது. பக்கத்தில் கிணறு இருந்தால் வயிற்றோட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டியதில்லை. ஒரு குடும்பத்துக்கு வெட்டிய குழியின்மேல் மாடி எழுப்பி, மூன்று குடும்பங்களை வாடகைக்கு வைப்பதும் நடக்கிறது. நாற்றத்தோடு வாழ்பவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். குழியைத் திருத்தும் உரிமை அவர்களிடம் இல்லை. இது அநியாயம்.

பராமரிப்பிலும் பிழை உண்டு. மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சேற்றை எடுக்காவிட்டால், அது வழிந்து போய் உறிஞ்சு குழியின் சுவரில் கறுத்த வழுவழுப்பாகப் படிந்து மண்துளைகளை அடைத்துவிடும். கூரைத் தண்ணீரைக் குழிக்குள் விடுவது, ஈரத்துடைப்பான்களைக் கொமட்டில் போடுவது, கறிச்சட்டி எண்ணெயை ஊற்றுவது எல்லாம் அதே கேட்டை விரைவுபடுத்தும்.

திருத்துமுன் இரண்டு மூடிகளையும் திறந்து எட்ட நின்று பார்க்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் மேலேறி நிற்க, உறிஞ்சு குழி வெறுமையாக இருந்தால் அடைப்பு இடையிலுள்ள பைப்பில். சிறிய செலவோடு முடிந்துவிடும். இரண்டும் நிறைந்து, வெயில் காலத்திலும் வற்றாவிட்டால் மண் அடைபட்டிருக்கிறது. வேறிடத்தில் புதிய உறிஞ்சு குழி தேவை. மழையில் மட்டும் நிறைந்தால் நிலத்தடி நீர்தான் காரணம். அப்போது ஆழமாகப் போகாமல் மேலே வர வேண்டும்: நீர் புகாத தொட்டி, அதையடுத்துச் சரளைக்கல் வடிகட்டி, அங்கிருந்து சிறிய பம்ப் மூலம் தரைக்கு மேல் உயர்த்திய மணல் படுக்கை. இலங்கைத் தர நிர்ணயம் எஸ்.எல்.எஸ். 745 இத்தகைய கட்டுமானத்துக்கு என்றே இருக்கிறது. மேசன் பாஸிடம் அதைக் கேட்டுச் செய்விக்கலாம்.

படுக்கைக்கு இடமில்லாத ஒழுங்கைகளில் தனி வீட்டால் ஆகக்கூடியது கொஞ்சம்தான். கொழும்பின் பழைய பகுதிகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய் போட்டார்கள். அந்தக் கழிவு முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குப் போகிறது. குழாய் எட்டாத வீடுகளுக்குக் குழாயோ, பல வீடுகள் சேர்ந்த பொதுத் தொட்டியோ வேண்டுமென்று நகரசபையிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

வெள்ளம் வடியுமுன் தொட்டியை முழுதாக உறிஞ்சவிடாதீர்கள். 3 கனமீட்டர் வெற்றுத் தொட்டியைச் சுற்றி நீர் நின்றால் ஏறக்குறைய 3 தொன் விசை அதை மேலே தள்ளும். சுவர் வெடிக்கும், பைப் முறியும். என்ன கூலி கொடுத்தாலும் எவரையும் உள்ளே இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் ஐதரசன் சல்பைட் வாயு செறிந்தால் மூக்கின் மோப்பத்தையே மழுங்கடித்துவிடும். ஓரிரு மூச்சில் ஆள் சாய்வான். காப்பாற்றக் குதித்தவரும் மீளமாட்டார். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் 110இல் தீயணைப்புப் படையையும், 1990இல் அம்புலன்ஸையும் அழையுங்கள்.