ஆசிரியரின் கைகளும் கற்கட்டும்

சதுரத்தைவிட முக்கோணி உறுதியானது என்று கரும்பலகையில் எழுத அரை நிமிடம் போதும். அதை மாணவி தன் கையால் உணர்வதற்கும் அதிகம் தேவையில்லை. சைக்கிள் கடையில் வாங்கும் வால்வு ரியூப்பும் ஒரு பெட்டி நெருப்புக்குச்சியும் போதும்.

இந்த வழியைப் பரப்பியவர் இந்தியாவின் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975இல் பட்டம் பெற்ற பொறியியலாளர். 1978இல் தொழிற்சாலை வேலையில் விடுமுறை பெற்று, மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் விஞ்ஞானக் கற்பித்தல் திட்டத்திற்குச் சென்றார். 1972இல் 16 பாடசாலைகளில் தொடங்கிய அத்திட்டத்தில், ஆசிரியர்கள் முதலில் மாணவரைப்போல அமர்ந்து பரிசோதனைகளைத் தாமே செய்து பழகினர். கிராமச் சந்தையில் கிடைத்த மலிவான பொருள்களே குப்தாவின் ஆய்வுகூடம். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

செய்முறை எளிது. குச்சிகளின் மருந்தை முதலில் சுரண்டி அகற்றுங்கள். வால்வு ரியூப்பை இரண்டு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, இரு முனைகளிலும் குச்சிகளைச் செருகினால் வளையக்கூடிய மூட்டு கிடைக்கும். மூன்றாவது குச்சி தேவையானால், ரியூப்பின் நடுவில் ஊசியால் துளையிட்டுச் செருகலாம். மூன்று குச்சிகளால் முக்கோணியும் நான்கால் சதுரமும் செய்து அழுத்திப் பாருங்கள். சதுரம் சரிந்துவிடும், முக்கோணி அசையாது. மூன்று பக்கங்களின் நீளங்கள் நிலையானால் கோணங்களும் மாறமுடியாது என்பதே காரணம்.

ஒரு கணித ஆசிரியையாக நான் இதை முதன்முதலில் வகுப்பில் செய்தபோது, பன்னிரண்டு குச்சிகளால் கட்டிய சதுரமுகி பிள்ளைகள் முன்னே சாய்ந்து விழுந்தது. முகம் சிவந்துபோனது. “மிஸ், குறுக்கே ஒரு குச்சி வைப்போமா?” என்றாள் ஒரு மாணவி. வைத்தோம், குச்சி எட்டவில்லை. நான்கு சென்ரிமீற்றர் பக்கத்துக்கு மூலைவிட்டம் ஏறக்குறைய 5.7 சென்ரிமீற்றர் என்று பைதகரசின் தொடர்பால் கணித்து, தென்னை ஈர்க்கை வெட்டி ஒவ்வொரு முகத்திலும் செருகினோம். சதுரமுகி நிமிர்ந்து நின்றது. வீட்டுப் படலையில் சட்டம் ஏன் சாய்வாக அடிக்கப்படுகிறது என்பதும் அன்று அவர்களுக்கு விளங்கியது. எல்லாம் தெரிந்தவளாக நிற்கவேண்டும் என்ற என் பயமும் அன்றோடு போயிற்று.

உம்மா, வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்ததும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் இந்த வன்னி மண்தான். அந்தக் கைத்திறன் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இலேயே ஆரம்பமாகிவிட்டது. ஆனால் திருப்புளியைத் தொட்டே பாராத பிள்ளை அதைத் தெரிவுசெய்யத் தயங்குவாள். அடுத்தமுறை சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடும்போது மகளையும் அருகே அழைத்து, முதல் ஒட்டை அவளே போட விடுங்கள். அது பிழைத்தால் இரண்டாவதையும் அவளிடமே கொடுங்கள்.