பிக்-அப் வண்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

மாணவர்களே, ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சாருக்குப் பழைய சாலையில் போகும்போது, எதிரே வரும் வண்டிகளைக் கவனியுங்கள். ஹைலக்ஸ், டிமேக்ஸ், ட்ரைட்டன், ரேஞ்சர் என்று வரிசையாகப் பிக்-அப் வண்டிகள் வரும். காரைவிட நீளம், நிறுத்த இடம் தேட வேண்டும், பின்னிருக்கையில் உட்கார்ந்தால் குலுக்கல். இருந்தும் ஏன் வாங்குகிறார்கள்? விடையில் பாதி அறிவியல், பாதி வரி.

24 மணி நேரப் பந்தயம்

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளோடு பேராக்கின் ரப்பர் வரலாறு தொடங்கியது. பால்மரங்கள் நின்ற பல தோட்டங்களில் இன்று நிற்பது செம்பனை. குலையை வெட்டியதும், குறிப்பாகப் பழம் அடிபட்டு நசுங்கினால், அதிலுள்ள லிபேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கிவிடும். அது எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலத்தைப் பிரிக்கும். அமிலம் கூடக் கூட எண்ணெயின் தரம் இறங்கும். ஆலையில் நீராவியில் வேகவைத்தால்தான் நொதியின் செயல் நிற்கும். எனவே, வெட்டிய குலை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும்.

பெரிய தோட்டங்களுக்கு லோரியும் டிராக்டரும் உண்டு. சில ஏக்கர் மட்டுமே வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் என்ன செய்வார்? ஒரு குலை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், 50 குலைகள் ஒரு டன். ஒரு பிக்-அப் சுமக்கக்கூடிய எடையும் ஏறத்தாழ அதுதான்.

அடியில் ஓர் ஏணி

சாதாரணக் காரில் உடற்கூடே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. பிக்-அப்பில் அப்படியில்லை. இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் என அடியில் ஓர் ஏணியே படுத்திருக்கிறது. சுமையும் பள்ளம் மேடுகளின் அதிர்ச்சியும் அந்த ஏணிக்கே போகின்றன.

பெரும்பாலான பிக்-அப்களின் பின்சக்கரங்களுக்கு மேலே சுருள்வில் இருக்காது. எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த வில் இருக்கும். ஹூக் விதி நினைவிருக்கிறதா? விசை = வில்லின் மாறிலி × நீட்சி அல்லது அமுக்கம். ஒரு டன் ஏற்றினாலும் பின்பக்கம் தரையைத் தொடாமல் இருக்க, மாறிலி பெரிதாக இருக்க வேண்டும். அதாவது வில் விறைப்பாக இருக்க வேண்டும்.

அடுத்தது இயந்திரம். மைவி 1.5இன் உச்சத் திருப்புவிசை சுமார் 137 நியூட்டன் மீட்டர். ஹைலக்ஸ் 2.4 டீசல் தானியங்கி வண்டிக்கு அது 400. அதுவும் நிமிடத்திற்கு 1,600 சுற்றுகளிலேயே கிடைத்துவிடுகிறது. மழையில் ஊறிய செம்மண் சாலையில் வேகம் உதவாது. மெதுவாக, விடாமல் இழுக்கும் பலமே உதவும். நான்கு சக்கரங்களும் இயங்கினால் அந்தப் பலம் நான்கு இடங்களில் மண்ணைப் பற்றும்.

சுமை இல்லாவிட்டால்?

ஒரு டன் சுமைக்காகச் செய்த வில், காலியாக ஓடும்போது அசைய மறுக்கிறது. அதனால்தான் குலுக்கல். உராய்வு விசை, சக்கரம் தரையை அழுத்தும் விசையைப் பொறுத்தது. காலி வண்டியின் பின்பக்கம் இலேசு. எனவே பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும்போது ஈரச்சாலையில் எளிதில் வழுக்கும். எடையும் ஏறத்தாழ 2 டன், மைவியைப்போல் இரு மடங்கு. ஒரே வேகத்தில் ஓடினாலும் இயக்கச் சக்தி இரு மடங்கு. பிரேக் அத்தனையையும் வெப்பமாக்க வேண்டும். மோதினால் அத்தனையும் எதிரே இருப்பவர்மீதும் பாயும்.

பின்தட்டில் ஆட்களை ஏற்றுவது இன்னும் ஆபத்து. வண்டி சட்டென்று நின்றால், நிலைமம் காரணமாக அவர்கள் அதே வேகத்தில் முன்னோக்கிப் போவார்கள். பிடித்து நிறுத்த அங்கே இருக்கைவார் இல்லை. செம்பனைக் குலைக்கு ஏற்ற இடம் மனிதருக்கு ஏற்ற இடமல்ல.

வரியும் டீசலும்

அப்படியானால் தோட்டமே இல்லாதவர்களும் ஏன் வாங்குகிறார்கள்? நம் நாட்டில் பிக்-அப், சரக்கு வாகனப் பிரிவைச் சேர்ந்தது. அதே அளவு இயந்திரம் கொண்ட தனியார் காரைவிடச் சாலை வரி குறைவு. பக்கத்து நாடான தாய்லாந்து ஒரு டன் பிக்-அப் தயாரிப்பில் உலகின் பெரிய மையங்களில் ஒன்று என்பதால், தேர்ந்தெடுக்க வகைகளும் அதிகம். மலிவான டீசலும் ஒரு காரணமாக இருந்தது. ஆனால் 2024 ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் ஒரு லிட்டர் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது. தகுதியுள்ள சிறுதோட்டக்காரர்களுக்கு அரசு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவித்தது. பட்டணத்தில் ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டும் காலி பிக்-அப்பின் கணக்கு அன்றோடு மாறிவிட்டது.

நல்ல வண்டி எது என்று கேட்டால், 'எந்த வேலைக்கு?' என்று திருப்பிக் கேளுங்கள். இந்த வாரம் ஒரு சிறு சோதனை. சாலையோரம் பாதுகாப்பாகத் தள்ளி நின்று, காலியான பிக்-அப் ஒன்றையும் சுமை ஏற்றிய ஒன்றையும் பாருங்கள். பின்சக்கரத்திற்கும் அதன் மேல்விளிம்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைகிறது? குறிப்பேட்டில் எழுதுங்கள். நீங்கள் பார்ப்பது ஹூக் விதியைத்தான்.