மெக்சிகோவில் வேலை கிடைத்தால் போகலாமா? மான்டெர்ரி நகரில் வெளிநாட்டினருக்கு பாதுகாப்பு எப்படி?

மெக்சிகோவில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "அங்கே ரோட்டிலேயே சுடுவாங்களாமே?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் மெக்சிகோ என்று மொத்தமாக கேட்டால் பதில் கிடைக்காது. எந்த ஊர், அந்த ஊரில் எந்த பகுதி, எந்த ரோடு, எத்தனை மணிக்கு என்று பிரித்து கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

இதற்கு நல்ல உதாரணம் மான்டெர்ரி நகரம். அமெரிக்க எல்லையை ஒட்டிய நூவோ லியோன் மாநிலத்தின் தலைநகர் இது. சுற்றியுள்ள நகராட்சிகளையும் சேர்த்தால் 2020-ம் ஆண்டு கணக்குப்படி மக்கள் தொகை 53 லட்சம். சிமெண்டு, இரும்பு, பீர் என்று தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். இந்தியாவின் இன்போசிஸ் நிறுவனம் 2007-ம் ஆண்டே இங்கு கிளை திறந்தது. அருகில் உள்ள பெஸ்கேரியா என்ற சிற்றூரில் 2016-ம் ஆண்டு கியா கார் தொழிற்சாலை உற்பத்தியை தொடங்கியது. கொரியாக்காரர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கியதால் உள்ளூர்க்காரர்கள் அந்த ஊருக்கு "பெஸ்கொரியா" என்று செல்லப்பெயரே வைத்து விட்டார்கள்.

பயங்கரமான 2 ஆண்டுகள்

மான்டெர்ரி ஒரு காலத்தில் பாதுகாப்பான ஊர் என்று பெயர் வாங்கியது. அந்த பெயர் 2010-ல் நொறுங்கியது. கல்ப் கார்ட்டெல் என்ற போதைப்பொருள் கும்பலுக்கு அடியாள் படையாக இருந்த செட்டாஸ் கோஷ்டி தனியாக பிரிந்தது. இரண்டு கும்பலும் நகரை பங்கு போட தெருவில் இறங்கின. பஸ், லாரிகளை பறித்து ரோட்டின் குறுக்கே நிறுத்தி தீ வைத்து, போலீசும் ராணுவமும் வர முடியாமல் செய்வது அவர்களது வாடிக்கை.

2010 மார்ச் மாதம் புகழ்பெற்ற டெக் பல்கலைக்கழக வாசலில் நடந்த சண்டையில் 2 மாணவர்கள் ராணுவத்தால் கொல்லப்பட்டனர். முதலில் அவர்களை கும்பல் ஆட்கள் என்றே சொன்னார்கள். நன்றாக படிக்கும் மாணவர்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. இதற்காக மெக்சிகோ அரசு பகிரங்கமாக மன்னிப்பு கேட்டது 2019-ல்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பக்கத்து ஊரான சான்டியாகோவின் மேயர் எடெல்மிரோ கவாசோஸ் வீட்டில் இருந்து கடத்தி கொல்லப்பட்டார். இந்த வழக்கில் கைதானவர்களில் அந்த ஊர் போலீசாரும் இருந்தனர். வேலியே பயிரை மேய்ந்த கதை.

அடுத்த ஆண்டு 2011 ஆகஸ்டு 25-ந்தேதி கேசினோ ராயல் என்ற சூதாட்ட விடுதிக்குள் புகுந்த கும்பல் பெட்ரோலை ஊற்றி கொளுத்தியது. 52 பேர் பலியானார்கள். பட்டப்பகலில் பொழுதுபோக்க வந்தவர்கள்தான் அதிகம். மாமூல் கேட்டு நடந்த மிரட்டல்தான் பின்னணி என்று தெரிய வந்தது.

இப்போது நிலைமை அது அல்ல. 2011-ல் மாநில அரசு புயர்சா சிவில் என்ற புதிய போலீஸ் படையை தொடங்கியது. சம்பளம் அதிகம். வெளி மாநிலத்தில் இருந்தும் ஆள் எடுத்தார்கள். மிரட்டலுக்கு பயப்படாமல் இருக்க போலீசாருக்கு தனி குடியிருப்பு. உள்ளூர் தொழில் அதிபர்களும் கை கொடுத்தார்கள். 2013, 14-ல் கொலைகள் வெகுவாக குறைந்தன. இரவில் ஆளே இல்லாமல் கிடந்த பழைய நகர் பகுதியில் மீண்டும் ஓட்டல்களும் பார்களும் களை கட்டின. ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. 2022-க்கு பிறகு மாநிலத்தில் கொலை எண்ணிக்கை மீண்டும் ஏறியது.

புள்ளிவிவரம் சொல்வதும் சொல்லாததும்

கொலை எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஊரை எடை போட முடியாது. கும்பல் தகராறில் சாகிறவர்கள் பெரும்பாலும் ஏழை குடியிருப்புகளை சேர்ந்த வாலிபர்கள். கம்பெனி வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரருக்கு அந்த ஆபத்து குறைவு. அவருக்கு வருவது வேறு வகை ஆபத்து. வழிப்பறி, கார் பறிப்பு, போனில் மிரட்டல், பிறகு "எக்ஸ்பிரஸ் கடத்தல்". அதாவது ஆளை காரில் ஏற்றி ஏ.டி.எம்.முக்கு கொண்டு போய் பணம் எடுக்க வைப்பது. ஒரு நாளில் எடுக்கும் தொகைக்கு வரம்பு இருக்கிறதே? அதற்காக நள்ளிரவு தாண்டும் வரை பிடித்து வைத்து மறுநாள் கணக்கிலும் எடுக்க சொல்வார்கள்.

திருட்டு, மிரட்டல் வழக்கு எண்ணிக்கையை பார்க்கலாம் என்றால் அதிலும் சிக்கல். மெக்சிகோவில் 10 குற்றங்களில் 9-க்கு மேல் புகாராகவோ வழக்காகவோ மாறுவதே இல்லை என்று அந்த நாட்டு அரசு புள்ளிவிவர நிறுவனமான இனெகியின் ஆண்டு சர்வே சொல்கிறது. ஆகவே ஒரு பகுதியில் வழக்கு குறைவு என்றால் குற்றம் குறைவு என்று அர்த்தம் இல்லை. ஜனங்கள் போலீசிடம் போகவில்லை என்றும் இருக்கலாம்.

அதே நிறுவனம் 3 மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு சர்வே எடுக்கிறது. "உங்கள் ஊரில் இருக்க பயமாக இருக்கிறதா?" என்று நேரடியாக கேட்கிறார்கள். வீடு தேடுகிறவருக்கு இதுதான் அதிகம் உதவும். மான்டெர்ரியை ஒட்டிய பணக்கார நகராட்சி சான் பெட்ரோ கார்சா கார்சியா. நாட்டிலேயே பயம் மிக குறைந்த ஊர்களின் வரிசையில் அது தொடர்ந்து இடம் பிடிக்கிறது. மலையை தாண்டினால் மான்டெர்ரி நகராட்சி. நடுவில் ஒரு சுரங்கப்பாதைதான். அந்த பக்கம் பயப்படுகிறவர்களின் சதவீதம் பல மடங்கு அதிகம். எந்த இடத்தில் பயம் என்று கேட்டால் தெருவில் உள்ள ஏ.டி.எம்.மும் பஸ்சும்தான் முன்னால் நிற்கின்றன.

சான் பெட்ரோவில் வாடகை கடுமை. ஆபீஸ் ஒரு மூலையிலும் வீடு ஒரு மூலையிலும் இருந்தால் தினமும் ரோட்டில் கழியும் நேரமும் கூடும். அதனால் வீட்டை மட்டும் பார்க்காமல் வீட்டுக்கும் ஆபீசுக்கும் இடையே உள்ள பாதையையும் பார்க்க வேண்டும். பகலில் ஒருமுறை, இரவு 10 மணிக்கு ஒருமுறை அதே ரோட்டில் போய் வந்தால் பாதி விஷயம் புரிந்து விடும்.

பெண்களுக்கு கணக்கு வேறு. 2022 ஏப்ரலில் இளம்பெண்கள் அடுத்தடுத்து காணாமல் போன சம்பவங்களால் மான்டெர்ரியில் பெரிய போராட்டமே வெடித்தது. ஆப் மூலம் வரும் டாக்சியும் முழு பாதுகாப்பு இல்லை என்பது அப்போது தெரிந்தது. வண்டி நம்பரை வீட்டுக்கு அனுப்பி விட்டு ஏறுவது அங்கு பெண்களிடம் பழக்கமாகி விட்டது.

தூதரகம் என்ன செய்கிறது?

அமெரிக்க வெளியுறவுத்துறை 2018 முதல் மெக்சிகோவை மாநிலம் மாநிலமாக பிரித்து 4 படிகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. பக்கத்து மாநிலமான டமவுலிபாஸ், "போகவே வேண்டாம்" என்ற 4-வது படியில் வைக்கப்பட்டது. 2024-ல் நூவோ லியோனுக்கு கிடைத்தது "கூடுதல் கவனம் தேவை" என்ற 2-வது படி. இரண்டும் எல்லையை பங்கு போடும் மாநிலங்கள். மான்டெர்ரியில் இருந்து எல்லை நகரமான நூவோ லரேடோ சுமார் 220 கிலோமீட்டர். அந்த ரோட்டில் 2021-ல் மட்டும் பலர் வண்டியோடு மாயமானார்கள். ஊருக்குள் நிம்மதியாக இருப்பவரும் ஷாப்பிங்குக்கு டெக்சாஸ் போக அந்த ரோட்டில் ஏறினால் வேறு உலகம்.

ஊருக்கு சொல்லும் எச்சரிக்கையை விட, தூதரகம் தன் சொந்த ஊழியர்களுக்கு போடும் கட்டுப்பாட்டை பார்ப்பது நல்லது. 2010 ஆகஸ்டில் மான்டெர்ரியில் உள்ள அமெரிக்க பள்ளி வாசலில் துப்பாக்கி சூடு நடந்தது. உடனே அமெரிக்கா, தன் துணைத்தூதரக ஊழியர்களின் குழந்தைகளை நகரை விட்டு வெளியேற்ற உத்தரவிட்டது. எந்த புள்ளிவிவரமும் அவ்வளவு தெளிவாக பேசாது. மெக்சிகோவில் உள்ள அமெரிக்க ஊழியர்கள் தெருவில் கை காட்டி டாக்சி பிடிக்க கூடாது, இருட்டிய பிறகு ஊர் விட்டு ஊர் போக கூடாது என்பதும் அப்படிப்பட்ட விதிகள்தான். ஊழியர் குடும்பங்களை ஒரு நிறுவனம் அங்கே வைத்திருக்கிறதா, இல்லையா என்பதை வேலையில் சேரும் முன்பே கேட்டு விடலாம்.

இந்திய தூதரகம் இருப்பது மெக்சிகோ சிட்டியில். மான்டெர்ரியில் இருந்து ரோட்டில் போனால் சுமார் 900 கிலோமீட்டர். அவசரத்துக்கு உதவுவது 911 என்ற எண்தான். பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க 089.

போனில் வரும் "கடத்தல்" மிரட்டல்களில் பல வெறும் ஏமாற்று. "உன் மகனை பிடித்து வைத்திருக்கிறோம், போனை வைக்காதே" என்பார்கள். பின்னணியில் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்கும். மகன் பள்ளிக்கூடத்தில் பாடம் படித்துக்கொண்டு இருப்பான். போனை வைத்து விட்டு முதலில் பள்ளிக்கு பேச வேண்டும். அதற்கு அந்த நம்பர் கையில் இருக்க வேண்டும்.