தொரப்பள்ளிக்காரரும் எங்க வீட்டு ராகிக் களியும்



"தெரியாத வேலையில கைய வைக்காதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் இத்தனை நாள் அப்படித்தான் இருந்தேன். விளையாட்டு என்றால் கபடி மட்டும். பாடம் என்றால் பரீட்சைக்கு வருகிற கேள்வி மட்டும். போன மாதம் ராஜாஜியைப் பற்றிப் படித்தபோதுதான் மண்டைக்குள் ஒரு சந்தேகம் நுழைந்தது. ஒரு மனுஷர் இத்தனை வேலையில் கை வைத்தால் எல்லாமே அரைகுறையாகத்தானே நிற்கும்? அவருக்கு மட்டும் எப்படி நிற்கவில்லை?

ராஜாஜி யாரோ எங்கேயோ பிறந்தவர் இல்லை, நம்ம பக்கத்து ஆள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ல் பிறந்தார். அவருடைய அப்பா அந்த ஊர் முன்சீப். ஓசூரிலும் பெங்களூரிலும் படித்தார், சென்னையில் சட்டம் படித்தார், 1900-ல் சேலத்தில் வக்கீல் ஆனார். நல்ல பெயர், நல்ல வருமானம். அதோடு நின்றிருந்தால் சேலத்துப் பெரிய வக்கீல் என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் 1916-லேயே வக்கீலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேலையைத் தொடங்கினார். அறிவியல் சொற்களைத் தமிழில் உண்டாக்குவதற்காக நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார். கோர்ட்டில் வாதாடுகிறவருக்கு ரசாயனம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? பிற்காலத்தில் அவரே 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். பெயரைப் பாருங்கள்! ஆய்வுக்கூட ரசாயனம் இல்லை, திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ரசாயனம். கஷ்டமான விஷயத்தை யாருக்கும் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது வக்கீலின் தொழில்தானே. அந்தப் பழக்கம் இங்கே வந்து உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. 1925-ல், 46 வயதில், திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி அங்கேயே குடியிருந்தார். கதர் வேலை, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் எல்லாம் அங்கே நடந்தன. குடியால் கெட்ட குடும்பங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். குடிக்கு எதிராகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவரோடு வேலை பார்த்தவர் யார் தெரியுமா? 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கிதான்!

அந்த ஆசிரம அனுபவம் வீண் போகவில்லை. 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனதும் (முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்) முதலில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டு வந்தார். அப்போது நம்ம ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் சேலம் மாவட்டம். சரி, கள்ளுக்கடை, சாராயக்கடையில் இருந்து வந்த பணம் நின்று போனால் அரசாங்கம் எப்படி நடக்கும்? அதை ஈடுகட்ட ஒரு புது வழி கண்டுபிடித்தார். 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதலில் நம்ம மாகாணத்தில்தான். இன்றைக்குக் கடை பில்லில் ஜி.எஸ்.டி. என்று பார்க்கிறோமே, அதற்கெல்லாம் தாத்தா இதுதான். ஊர் ஊராகக் குடியை எதிர்த்துப் பேசியது, சட்டப் படிப்பு, நகராட்சித் தலைவராகக் கணக்குப் பார்த்தது (சேலத்தில் 1917 முதல் 1919 வரை), எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் இந்த யோசனைக்கு உரம் போட்டன என்பது என் கருத்து.

நடுவில் 1930-ல் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்து போனார், 51 வயதில். 1962-ல், 83 வயதில், அமெரிக்கா போய் அணுகுண்டு சோதனையை நிறுத்தச் சொல்லி ஜனாதிபதி கென்னடியிடம் பேசினார். அந்த வயதில் நம்ம வீட்டில் என்றால் பேருந்து நிலையத்துக்குக் கூடத் தனியாக விடமாட்டார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். 1953-ல் இதே ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் தினமும் மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளைகள் அப்பா அம்மா செய்கிற தொழிலைக் கற்க வேண்டும். 'குலக்கல்வி' என்று சொல்லிப் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். 1954-ல் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தை நீக்கினார். எனக்கும் இதில் அவர்மேல் வருத்தம்தான். முன்சீப் மகன் இத்தனை புது வேலை செய்து பார்க்கலாம், மாடு மேய்ப்பவர் மகன் மட்டும் மாடுதான் மேய்க்க வேண்டுமா? அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் நம்ம ஜவளகிரி பிள்ளைகளில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பு வரை வந்திருப்பார்கள்?

இதையெல்லாம் படித்துவிட்டு நானும் ஒரு புது வேலை செய்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். ராகிக் களி கிளறினேன்.

எங்க வீட்டில் ஆம்பளைப் பசங்க அடுப்பங்கரைக்குப் போவதில்லை. அவ்வா ஒரு மாதிரி பார்த்தது. தண்ணீர் கொதித்ததும் மாவை அப்படியே கொட்டிக் கிளறினேன். கை வலி உயிர் போனது. களியும் வரவில்லை, வெறும் கட்டி கட்டியாக வந்தது. ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த மாவு! சுற்றிலும் கொதிக்கிற தண்ணீர், உள்ளே எப்படி நனையாமல் இருக்கும்?

அறிவியல் சாரிடம் கேட்டேன். மாவில் இருக்கிற ஸ்டார்ச் சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகிவிடுமாம். கொதிநீரில் நேராகக் கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் உடனே பசையாகி ஒரு தோல் மாதிரி மூடிக்கொள்ளும், அப்புறம் உள்ளே தண்ணீர் போகாது. அதனால்தான் அவ்வா முதலில் கொஞ்சம் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறது. பச்சைத் தண்ணீரில் ஸ்டார்ச் உப்பாது, மாவும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

அவ்வாவிடம் சொன்னேன். "மாவக் கரைச்சு ஊத்தணும்னு எங்க அம்மா சொல்லுச்சு, ஏன்னு சொல்லல" என்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கோதுமை மாவு பிசைஞ்சா இழுக்குதே, ராகி மாவு ஏன்டா இழுக்க மாட்டேங்குது?" என்று கேட்டது. எழுபது வயதில்!

மறுபடியும் சாரிடம் ஓடினேன். கோதுமையில் குளுட்டன் என்கிற புரதம் இருக்கிறது, பிசையும்போது அதுதான் ரப்பர் மாதிரி இழுக்கிறது, ராகியில் அது இல்லை என்றார். சாயங்காலம் அவ்வாவிடம் வந்து சொன்னேன்.

"சரி சரி, நாளைக்குச் சப்பாத்தியும் நீயே போடு" என்றது அவ்வா.