மூன்று பொருட்களில் ஒரு பிஸ்கட்: ஷோர்ட்பிரெட் ஏன் கெட்டுப்போகிறது?

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது, வீட்டில் பிஸ்கட் சுடுவதைப் பற்றி யார் யோசித்தார்கள்? இப்போது மின்சாரம் இருக்கிறது, கடையில் பட்டரும் இருக்கிறது. விலைதான் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வீட்டில் கேக்கும் பிஸ்கட்டும் சுட்டு விற்கும் பெண்களுக்கு ஒரு தட்டு கெட்டுப்போனால் அன்றைய உழைப்போடு ஒரு பக்கற் பட்டரும் போய்விடும்.

ஷோர்ட்பிரெட் ஸ்கொட்லாந்தின் பிஸ்கட். அங்கே புதுவருடத்தோடு சேர்ந்தது. முட்டை இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை. நிறையில் ஒரு பங்கு சீனி, இரண்டு பங்கு பட்டர், மூன்று பங்கு கோதுமை மா. நம் வெதுப்பகங்களில் விற்கும் ஞானகதாவைச் சாப்பிட்டவர்களுக்கு அந்த மணல்போல உதிரும் தன்மை புதிதல்ல.

அந்த உதிர்வுக்குக் காரணம் கொழுப்பு. கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசையும்போது குளூட்டன் உருவாகி மா இழுபடும். ரொட்டிக்கு அது வேண்டும், இதற்கு வேண்டாம். பட்டர் மாவின் துகள்களை மூடிக்கொண்டு அந்த இழையை வளரவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் பாணில் பூசும் மென்மையான மாஜரீன் இங்கே உதவாது. பட்டரில் குறைந்தது 80 வீதம் கொழுப்பு. பூசும் வகைகள் பலவற்றில் கொழுப்பு அதைவிடக் குறைவு, தண்ணீர் அதிகம். ஒரு கிறிஸ்மஸுக்கு நான் விலையைப் பார்த்து இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தேன். தட்டில் பரவிப்போய், பிஸ்கட்டும் இல்லாமல் ரொட்டியும் இல்லாமல் ஒன்று வந்தது. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை, இரண்டாவது துண்டும் எடுக்கவில்லை.

100 கிராம் சீனியை கிரைண்டரில் பொடியாக்குங்கள். நம் கடைச் சீனி பருமன் கூடியது. 200 கிராம் பட்டர் விரல் அழுத்தினால் பதியவேண்டும், உருகக்கூடாது. யாழ்ப்பாணத்து மத்தியான வெக்கையில் அந்த நிலை சில நிமிடங்கள்தான் நிற்கும், ஆகவே காலையிலேயே தொடங்குவது நல்லது. இரண்டையும் மரக்கரண்டியால் குழைத்து, 250 கிராம் கோதுமை மாவும் 50 கிராம் அரிசி மாவும் அரித்துச் சேருங்கள். அரிசி மா நம் கைச்சரக்கு அல்ல, ஸ்கொட்லாந்திலும் மொறுமொறுப்புக்காகச் சேர்ப்பார்கள். புட்டுக்கு அவித்த மா வேண்டாம், வறுக்காத பச்சை மா போதும். உப்புப் பட்டர் என்றால் வேறு உப்புத் தேவையில்லை.

மா ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில் அழுத்திப் பரப்பி, துண்டுகளுக்குக் கோடு கீறி, முள்ளுக்கரண்டியால் அடிவரை குத்துங்கள். நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் நடுப்பகுதி ஊதிக்கொள்ளும். அரை மணிநேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 160 பாகை செல்சியஸில் 40 நிமிடமளவில் சுடுங்கள். மேசை அவன்களின் குமிழ் காட்டும் வெப்பத்தை அப்படியே நம்பவேண்டாம். 30 நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருங்கள். ஓரம் மெல்லிய பொன்னிறம், நடு வெளிறல்: அப்போது எடுக்கலாம்.

வெளியே எடுக்கும்போது மென்மையாகத்தான் இருக்கும். வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளித்தான் பலர் கருக்கிவிடுகிறார்கள். சூட்டோடு கோட்டின்மேல் வெட்டிவிட்டு, தட்டிலேயே ஆறவிடுங்கள், ஆறும்போதுதான் இறுகும். காற்றுப் புகாத ரின்னில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். மழைநாளில் நமத்துப்போனால் ஐந்து நிமிடம் இளஞ்சூட்டில் வைத்து எடுங்கள்.